ரத வீதியிலிருந்து பூஜப்புரைக்கு

நெல்லைச் சீமையில் அன்று வித்தையைத் தேடி யாரும் பஸ் ஏறியதில்லை. ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதிக்கும், சந்தை நாளில் மேலப்பாளையத்துக்கும் வித்தைக்காரரே மூட்டையோடு வந்துவிடுவார். உடுக்கையடித்துக் கூட்டம் சேர்ப்பார். கீரியும் பாம்பும் சண்டை போடப்போகின்றன என்பார், கடைசிவரை போடாது. தாயத்து விற்கும் நேரத்தில் நகர்ந்தால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டுவார். பிள்ளைகள் நடுங்கி நிற்பார்கள்.

ஆனால் அவர் கையைப் பார்த்திருக்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு மூன்று செப்புகளைக் கவிழ்ப்பார். செப்பின் தலையில் ஒரு குமிழ். அதை இரு விரலிடுக்கில் கவ்வித் தூக்கும்போதே, அதே கையின் விரலடியில் ஒளிந்திருக்கும் துணிப்பந்து செப்புக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும். மாங்கொட்டை வித்தையில், துணி மூடிய கூடாரத்துக்குள் முளை, கன்று, செடி என ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பார். நம் கண்ணை அதற்குள் வேறொரு வேடிக்கை இழுத்திருக்கும். மேஜை இல்லை, பின்திரை இல்லை. நாலு பக்கமும் கண்கள். மேடை மேஜிக்கைவிட இதுவே கடினம் என்பேன்.

இந்த வித்தையின் பெருமை கடல் தாண்டியது. 1821இல் ஆங்கில எழுத்தாளர் ஹாஸ்லிட் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். மதராஸில் 1830 வாக்கில் சேஷால் என்பவர் ஒற்றைக் கழியில் கை ஊன்றி அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். கழிக்குள்ளிருந்து சட்டைக் கைக்குள் ஓடிய இரும்புக் கம்பிதான் அவரைத் தாங்கியது என்பார்கள். பாரிஸில் மேடை வித்தைக்காரர் ராபர் ஊதேன் தன் மகனை அந்தரத்தில் கிடத்தியது 1847இல்தான்.

இன்று ரத வீதியில் வட்டம் கூட்ட இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்பும் கீரியும் மூட்டையிலிருந்து இறங்கின, அது நியாயம். திராவிடர் கழகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் ‘மந்திரமா தந்திரமா’ என்று ஊர் ஊராய்ச் சூடத்தை நாக்கில் எரித்துக் காட்டியதில் ரத்தம் கக்கும் பயமும் குறைந்தது. அதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

கற்கும் வழியும் மாறிவிட்டது. அன்று தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்வான். வெளியாள் கேட்டால் மந்திரம் என்று முடித்துவிடுவான். இன்று ஆர்வமுள்ள பையன் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகலாம். மேஜிக் கலைஞர் கோபிநாத் முதுகாடு 1996இல் பூஜப்புரையில் தொடங்கிய மேஜிக் அகாடமி அங்கே இருக்கிறது. போக முடியாதவனுக்கு யூடியூப். ஆனால் நம் தரை வித்தையை, அதன் வாய்ப்பேச்சோடும் கைப்பழக்கத்தோடும் சொல்லித்தர இங்கே பள்ளி ஏதும் இல்லை.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. செப்பு வித்தை தெரிந்த முதியவர் உங்கள் ஊர்ப்பக்கம் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த கோயில் கொடைக்கு வரி பிரிக்கும்போது, வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் ஒதுக்குவதுபோல அவருக்கும் ஒரு சம்பளம் ஒதுக்குங்கள்.