இந்தச் சொல்லின் நிறம் என்ன?



தோட்டத்து வீடுகளில் இன்று தாத்தா பாட்டிமார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. செய்தி படிக்க ஒரு பக்கத்தைத் திறக்கிறார்கள். எழுத்து பொடியாக இருந்தால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். சில பக்கங்களில் எழுத்தைப் பெரிதாக்கவென்றே ஒரு பொத்தான் இருக்கும். பிள்ளை அதை இரண்டு முறை தட்டியதும் பக்கம் முழுவதும் எழுத்து பெரிதாகிவிடுகிறது. அந்தத் தட்டலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? அதே வழி ஒரு காலத்தில் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் துவாரமாகவும் ஆனது எப்படி? இன்று இவ்விரண்டையும் பார்ப்போம்.

இணையப் பக்கத்தில் செய்தி வேறு, அதன் அலங்காரம் வேறு. செய்தி ஓர் இடத்தில் இருக்கும். எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி ஆகியவற்றுக்கான விதிகள் தனித் தாளில் இருக்கும். ஆங்கிலத்தில் அதை ஸ்டைல் ஷீட் என்பர்; நாம் ஒப்பனைத் தாள் என்று வைத்துக்கொள்வோம். இந்த முறையை நார்வே நாட்டவரான ஹோகுன் வியூம் லீ 1994 அக்டோபரில் முன்வைத்தார். அப்போது அவர் சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். நெதர்லாந்துக்காரரான பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்தார். 1996 டிசம்பரில் இது சி.எஸ்.எஸ். என்ற பெயரில் உலகப் பொதுத் தரமாக வெளிவந்தது.

ஒரே சொல்லுக்குப் பல விதிகள் பொருந்தக்கூடும். அப்போது எது செல்லும்? தோட்டத்தில் காலைப் பெரட்டு எப்படி நடக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். எல்லோரும் பால்வெட்டுக்குப் போக வேண்டும் என்பது பொதுக் கட்டளை. ஆறாம் நிரைக்காரர்கள் மட்டும் களையெடுக்கட்டும் என்பது ஒரு சிலருக்கானது. ஒருவரை மட்டும் சுட்டி, நீ இன்று ஸ்டோருக்குப் போ என்றால், அவருக்கு அந்தச் சொல்லே முடிவு. ஒப்பனைத் தாளிலும் பெரும்பாலும் இப்படித்தான். குறிப்பாகச் சொன்ன விதி பொது விதியை வெல்லும். இரண்டும் சம பலமுள்ளவையாக இருந்தால், பின்னால் எழுதியது நிற்கும்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி போன்ற செயலிகளை உலாவி என்கிறோம். உலாவி இந்த விதிகளை எல்லாம் வாசித்துத் தன் நினைவில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்ளும். பக்கத்தோடு வரும் சிறு நிரல்கள் அவற்றைத் தொட வேண்டுமானால் அதற்கு ஒரு முறை உண்டு. கிராணியார் அலுவலகத்தில் செக்ரோல் புத்தகம் இருக்கிறது. நாம் உள்ளே போய் அதைப் புரட்டுவதில்லை. சன்னலில் நின்று, என் பெயரில் எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று கேட்கிறோம். அவர் பார்த்துச் சொல்கிறார். கணினியில் அப்படிப்பட்ட சன்னலைத்தான் நிரல் இடைமுகம் என்கிறார்கள். ஒப்பனைத் தாளுக்குரிய சன்னலின் பெயர் சி.எஸ்.எஸ். ஆப்ஜெக்ட் மாடல். இதற்கான பழைய தரம் 2000 நவம்பரில் வெளிவந்தது. அதன் பின்னரும் மைக்ரோசாப்ட் உலாவி சில ஆண்டுகள் வேறு பெயர்களை வைத்துக்கொண்டிருந்ததால், நிரல் எழுதுவோர் ஒரே வேலையை இரண்டு விதமாக எழுத நேர்ந்தது. அது போகட்டும்.

இந்தச் சன்னலில் இன்செர்ட் ரூல் என்று கேட்டால் புதிய விதி சேரும். டெலீட் ரூல் என்றால் ஒரு விதி நீங்கும். எத்தனையாவது இடம் என்றும் சொல்ல வேண்டும். எண்ணிக்கை ஒன்றில் அல்ல, சுழியத்தில் தொடங்கும். எழுத்தளவைக் குறிக்கும் ஃபான்ட்-சைஸ் என்ற சொல்லில் நடுவே ஒரு சிறு கோடு உண்டு. நிரலில் அப்படியே எழுதினால் கணினி அதைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்ளும். அதனால் கோட்டை எடுத்துவிட்டு, இரண்டாம் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கிச் சேர்த்து எழுதுவார்கள். பேரப்பிள்ளை தட்டிய பொத்தானும் இப்படி ஒரு விதியைத்தான் மாற்றியது. மாற்றம் அந்தக் கைப்பேசியின் நினைவில் மட்டுமே நடக்கிறது. பக்கத்தின் மூலப் படி எங்கோ உள்ள கணினியில் மாறாமல் இருக்கும்.

பிள்ளைகள் பெரும்பாலும் இடறி விழும் இடம் இனித்தான் வருகிறது. ஒரு சொல்லின் அளவு என்ன என்று அதன் ஸ்டைல் பகுதியைக் கேட்டால் வெறும் விடை வரும். கண்ணெதிரே எழுத்து பெரிதாக நிற்கிறதே என்று பிள்ளை திகைக்கும். அந்தப் பகுதி, அச்சொல்லின் மேலேயே நேரடியாக எழுதப்பட்டதை மட்டும் சொல்லும். தாளில் உள்ளதைச் சொல்லாது. எல்லா விதிகளும் மோதி, முடிவில் எது நடப்பில் இருக்கிறது என்று அறிய கெட் கம்ப்யூட்டட் ஸ்டைல் என்று வேறு கேள்வி கேட்க வேண்டும். தாளில் சுற்றியுள்ள எழுத்தைப்போல் 1.2 மடங்கு என்று எழுதியிருக்கும். சுற்றியுள்ள எழுத்து 16 பிக்செல் என்றால், 19.2 பிக்செல் என்று கணக்கு முடித்து விடை வரும். சிவப்பு என்று எழுதியிருந்தால், சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்று எண்ணாகவே வரும்.

இவ்வளவு உண்மையாகப் பதில் சொன்னதுதான் வினையாயிற்று.

ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் சொல்லை இணைப்பு என்கிறோம். போகாத இணைப்பு வழக்கமாக நீல நிறத்தில் இருக்கும். ஒருமுறை போய் வந்துவிட்டால் ஊதாவாக மாறும். நம் வசதிக்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் சூதுள்ள ஒரு பக்கம், நூற்றுக்கணக்கான இணைப்புகளைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்து, ஒவ்வொன்றாக இதன் நிறம் என்ன என்று உலாவியைக் கேட்டது. ஊதா என்றால் நாம் அங்கே போயிருக்கிறோம். எந்த வங்கி, எந்த நோய்க்கு மருந்து, எங்கே கடன் விசாரித்தோம் என்பதெல்லாம் நிறமாக வெளியே போயிற்று. நாம் ஒரு பொத்தானையும் தட்ட வேண்டியதில்லை. 2010-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆராய்ச்சியாளர்கள், மக்கள் அதிகம் பார்க்கும் 50,000 தளங்களைச் சோதித்து, 46 தளங்கள் உண்மையாகவே இவ்வாறு வேவு பார்த்ததைக் கண்டனர். பூட்டை உடைக்காமல், சன்னலில் மரியாதையாகக் கேட்டே எடுத்துச் சென்ற திருட்டு இது.

நிறம் மாறுவதையே நிறுத்திவிடலாம் என்றால், படிப்பவருக்கு நட்டம். அதே ஆண்டில் மொசில்லா நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பேரன் வேறு வழியை விளக்கினார். நம் கண்ணுக்கு ஊதாவே தெரியும். நிரல் கேட்டால் மட்டும் உலாவி எப்போதும் நீலம் என்றே சொல்லும். நேர்மையாகப் பதில் சொல்வதற்கென்றே அமைந்த ஒரு கேள்விக்கு, இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். நம் வீட்டு இரகசியத்தைக் காக்கச் சொல்லும் பொய் என்பதால் நாம் அதைக் குறை கூறமாட்டோம்! போய் வந்த இணைப்புக்கு நிறத்தை மட்டுமே மாற்றலாம், பருமனை மாற்றக்கூடாது என்றும் கட்டுப்பாடு வந்தது. ஏனெனில் எழுத்து பருத்தால் பக்கத்துச் சொல் நகரும். அந்த நகர்வை அளந்தே ஊகித்துவிடுவார்கள். 2011 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4 இந்தப் பாதுகாப்புடன் வெளியானது. ஏனைய பெரிய உலாவிகளும் இதே வழியை மேற்கொண்டன.

அதன் பின்னும் சிறு இடுக்குகள் வழியே சிலர் முயன்றனர். 2025-இல் குரோம் உலாவி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஓர் இணைப்பை எந்தத் தளத்திலிருந்து தட்டினோமோ, அந்தத் தளத்தில்தான் இனி அது ஊதாவாகத் தெரியும். அங்கு மட்டுமன்றி, இணைப்பு சுட்டும் அந்தத் தளத்தின் சொந்தப் பக்கங்களிலும் அது ஊதாவாகத் தெரியலாம். முன்பின் தெரியாத வேறொரு பக்கத்தில் அதே இணைப்பு, நாம் ஒருபோதும் போகாததைப்போல் நீலமாகவே நிற்கும்.