முன்னாள் தலைவரா, முன்னால் தலைவரா?

தலைவர் ஒருவர் மேடையில் பேசுவது மண்டபத்தோடு முடிந்துவிடுவதில்லை. வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ் வழியாக அது வீடுகளுக்கும் போய்ச் சேர்கிறது. "அமைச்சரே அப்படித்தானே பேசினார்?" என்று ஒரு மாணவன் கேட்டால் தமிழாசிரியர் என்ன பதில் சொல்வார்? மேடையில் நேரும் இலக்கணப் பிழையைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கல் அன்று. 2000ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ், சவுத் கரோலைனா மாநிலத்தில் கல்வியைப் பற்றிப் பேசினார். 'நம் பிள்ளைகள் கற்கிறார்களா?' என்று கேட்க வேண்டிய இடத்தில், பன்மைப் பெயரோடு ஒருமை வினையைச் சேர்த்துவிட்டார். 'பிள்ளைகள் கற்கிறானா?' என்பது போன்ற பிழை அது. அந்த ஒரு வாக்கியம் உலகம் முழுவதும் கேலிக்கு உள்ளானது.

மேடையில் கேட்பவை

ஒருமை பன்மை மயக்கம் தமிழ் மேடைக்கும் புதிதல்ல. "ஒவ்வொரு மாணவர்களும்" என்று பேசுகிறார்கள். 'ஒவ்வொரு' என்றாலே தனித்தனியாக ஒருவர்தான். 'ஒவ்வொரு மாணவரும்' என்பதே சரி.

உச்சரிப்பு தவறினால் பொருளே மாறிவிடும். "நன்றி கூறிக்கொள்கிறேன்" என்பது "கூறிக்கொல்கிறேன்" ஆகிவிடுகிறது. 'முன்னாள் தலைவர்' முன்பு பதவியில் இருந்தவர். 'முன்னால் தலைவர்' என்றாலோ அவர் எதிரே நிற்கிறார் என்று பொருள். மறைந்தவர்களை "நினைவு கூறுகிறோம்" என்பதும் பிழை. 'அன்புகூர்ந்து' என்பதில் உள்ள அதே 'கூர்' இங்கும் வர வேண்டும்: 'நினைவுகூர்கிறோம்'.

ஏன் இப்படி?

மலேசியாவில் அரசாங்க அலுவல் மலாயிலும், சிங்கப்பூரில் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. பகலெல்லாம் அம்மொழியில் பேசியவர் மாலையில் தமிழ் மேடை ஏறும்போது நாக்கு தடுமாறுவது இயல்பு. அவைத் தலைவரில் தொடங்கி எல்லாரையும் விளித்து, மூச்சு விடாமல் நீளும் வாக்கியத்தில் எழுவாய் எது என்பது பேசுபவருக்கே மறந்துபோகும். பிறர் எழுதிக்கொடுத்த உரையை மேடையில்தான் முதன்முதலாகப் படிப்பவரும் உண்டு.

இலக்கணமும் இரக்கமற்றதன்று. பிழையை 'வழு' என்று சொல்லும் நன்னூல், காரணம் இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் 'வழுவமைதி'யையும் சொல்கிறது. மகிழ்ச்சி மிகுதியால் பசுவை "என் அம்மை வந்தாள்" என்பது அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. ஆகவே, தமிழில் பேச முன்வரும் தலைவரின் நாக்குத் தவறைப் பொறுத்துக்கொண்டு, நிகழ்ச்சி முடிந்தபின் தனியே எடுத்துச் சொல்வதே பண்பு. கைகொட்டிச் சிரித்தால், அடுத்த முறை அவர் தமிழையே தவிர்த்துவிடுவார்.

பிழையில்லாத வாக்கியம்

கூர்ந்து கேட்க வேண்டியது வேறொன்று. "தமிழ்ப்பள்ளிக் கட்டடத்திற்கு விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வாக்கியத்தில் எந்த வழுவும் இல்லை. ஆனால், எடுப்பவர் யார்? செயப்பாட்டு வினையில் செய்பவரை 'ஆல்' உருபு காட்டும்: 'அமைச்சால் எடுக்கப்படும்', 'குழுவால் எடுக்கப்படும்'. அந்த 'ஆல்' விடுபட்டால் இலக்கணம் கெடுவதில்லை. பொறுப்பு மட்டும் ஆளில்லாமல் போய்விடுகிறது. "தவறு நடந்துவிட்டது" என்பதும் அப்படிப்பட்டதே. தவறு தானாக நடந்ததைப் போல அது ஒலிக்கிறது.

"நான் செய்கிறேன், மார்ச் மாதத்திற்குள் முடிப்பேன்" என்று ளகர லகரம் தடுமாறச் சொல்லும் தலைவரின் பேச்சில் பிழை இருக்கலாம்; ஆனால் எழுவாயும் காலமும் இருக்கின்றன. வாக்குறுதியைக் கேட்டுக் கைதட்டுமுன், அந்த இரண்டும் அதில் உள்ளனவா என்று பார்ப்பது நல்லது. இல்லையென்றால், "யார் செய்வார்? எப்போது செய்வார்?" என்று அவையிலேயே பணிவாகக் கேட்கலாம்.