தியத்தலாவைத் தடுப்பு முகாம், 1939–1942
இலங்கையின் பதுளை மாவட்டத்திலுள்ள தியத்தலாவையில், போயர் யுத்தக் கைதிகள் 1900இல் வைக்கப்பட்டிருந்தனர்; 1939இல் இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் இலங்கையிலிருந்த ஜெர்மானியப் பிரஜைகள் அங்கே காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர், 1901இல் ஹனாவ் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்து, 1936இல் இத்தீவுக்கு வந்து பௌத்த பிக்குவான ஞானபோனிக தேரர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிய தம் தாயாரையும் இங்கேயே வரவழைத்துக்கொண்ட அவர், பிறந்த தேசத்தில் யூதரென்று வெறுக்கப்பட்டு, புகுந்த தேசத்தில் ஜெர்மானியரென்று அடைபட்டது யுத்தத்தின் விபரீத நியாயமே.

ஜப்பானியப் படையெடுப்பின் அச்சம் சூழ்ந்த 1942இல் கைதிகள் இந்தியாவின் டேராடூனுக்கு மாற்றப்பட்டனர். அங்கே முள்வேலிக்குள் இருந்தபடியே ‘சுத்த நிபாதம்’ என்னும் பாளி நூலை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து முடித்த தேரர், 1946இல் விடுதலையாகி இலங்கை திரும்பினார். 1951இல் இந்நாட்டுப் பிரஜையானார்.