மின்மகிழுந்துக்கான வீட்டு மின்னேற்றி

வீட்டு மின்னேற்றி என்பது மின்மகிழுந்தின் பேட்டரிக்கு வீட்டு இணைப்பிலிருந்து மின்சாரம் வழங்கும் கருவி ஆகும். அதிகத் திறன் கொண்ட கருவியே சிறந்தது என்பது பொதுவான எண்ணம். ஆனால் வாகனம், அன்றாடப் பயணத் தூரம், வீட்டின் மின்கம்பி அமைப்பு ஆகிய மூன்றுமே தேர்வைத் தீர்மானிக்கின்றன.

செயல்படும் முறை

வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். பேட்டரி ஏற்பது நேர்திசை மின்னோட்டம். இம்மாற்றத்தைச் செய்யும் உண்மையான மின்னேற்றி வாகனத்துக்குள்ளேயே உள்ளது. சுவரில் பொருத்தப்படும் பெட்டி மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பாதுகாப்பாக வழங்க மட்டுமே செய்கிறது. எனவே வாகனத்தின் உள் மின்னேற்றி 7.2 கிலோவாட் எனில், 22 கிலோவாட் பெட்டியை வாங்கினாலும் 7.2 கிலோவாட்டுக்கு மேல் ஏறாது.

திறன் வகைகள்

இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்.

- 16 ஆம்பியர் செருகி: ஏறத்தாழ 3.3 கிலோவாட்
- 32 ஆம்பியர் ஒருமுனைப் பெட்டி: ஏறத்தாழ 7.4 கிலோவாட்
- 16 ஆம்பியர் மும்முனைப் பெட்டி: 11 கிலோவாட்

ஒருமுனை மின்சாரத்தை மட்டும் ஏற்கும் வாகனம், 11 கிலோவாட் பெட்டியின் ஒரு முனையை மட்டுமே பயன்படுத்தும். அப்போது கிடைப்பது சுமார் 3.7 கிலோவாட் மட்டுமே, இது 7.4 கிலோவாட் ஒருமுனைப் பெட்டி தருவதில் பாதி.

தேவையைக் கணித்தல்

ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் வாகனம் நாள்தோறும் 40 கிலோமீட்டர் சென்றால், சுமார் 7 யூனிட் செலவாகும். சாதாரண 16 ஆம்பியர் செருகியே இதை மூன்று மணி நேரத்துக்குள் ஈடுசெய்யும். நாள்தோறும் 150 கிலோமீட்டருக்கு மேல் செல்வோருக்கும், வாகனத்தை இரவில் சில மணி நேரம் மட்டுமே நிறுத்துவோருக்கும் 7.4 கிலோவாட் பெட்டி பயன்படும். இது நான்கைந்து குளிர்சாதனக் கருவிகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்கு இணையான சுமை என்பதால், மின்வாரியம் அனுமதித்த மின்சுமையை முன்னதாக உயர்த்த வேண்டியிருக்கலாம்.

பாதுகாப்பு

மின்னேற்றி பல மணி நேரம் தொடர்ந்து முழுச் சுமையில் இயங்குவது. தளர்ந்த செருகியும் மெல்லிய கம்பியும் இதனால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே,

- மின்னேற்றிக்கெனத் தனிக் கம்பியும் தனித் துண்டிப்பானும் அமைக்க வேண்டும். 32 ஆம்பியருக்குப் பொதுவாக 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி பயன்படுகிறது.
- நீட்டிப்புக் கம்பியைத் தவிர்க்க வேண்டும்.
- புவி இணைப்பைச் சோதிக்க வேண்டும். அது சரியில்லை எனில் பல மின்னேற்றிகள் இயங்க மறுக்கும்.
- 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும், 6 மில்லிஆம்பியர் நேர்திசைக் கசிவை உணரும் வசதியும் இருக்க வேண்டும்.

இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்வதே முறையாகும். வீட்டுக் கம்பி அமைப்பு பழையதெனில், பெரிய பெட்டிக்குச் செலவிடும் முன் கம்பியை மாற்றுவதே முதல் தேவை.