மதிப்பிட மறந்த மூளை

பெருநாளுக்குத் துணி எடுக்கச் செல்கிறோம். கடைக்காரர் விரித்துப் போட்ட இருபது சேலைகளில் பதினெட்டை நொடியில் ஒதுக்கிவிடுகிறோம். விலை, சாயம், கரை என ஒவ்வொன்றையும் கணக்கிட்டா ஒதுக்கினோம்? இல்லை. ‘இது வேண்டாம்’ என்று உள்ளம் முந்திக்கொள்கிறது. அந்த உள்ளுணர்வு அற்றுப்போனால் மனிதன் என்ன ஆவான்?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ, 1994இல் வெளியிட்ட நூலில் ஒரு நோயாளியின் வரலாற்றைத் தந்துள்ளார். எலியட் என்பது அவருக்கு இட்ட மாற்றுப் பெயர். முப்பது வயதைக் கடந்த அவர் நல்ல வேலையில், குடும்பத்தோடு வாழ்ந்தவர். கண்குழிகளுக்கு மேலே ஒரு கட்டி சிறு ஆரஞ்சுப் பழ அளவு வளர்ந்து மூளையை அழுத்திற்று. அறுவை சிகிச்சையில் கட்டியோடு, அது பாழாக்கிய முன்மூளைத் திசுவும் அகற்றப்பட்டது.

உயிர் பிழைத்தார், வாழ்வு குலைந்தது. காகிதங்களை அடுக்கச் சொன்னால், நாள் வரிசையிலா, அளவு வரிசையிலா என்று பிற்பகல் முழுவதும் யோசித்திருப்பார். வேலை போயிற்று. நண்பர்கள் எச்சரித்தும் கேளாமல் தொழிலில் இறங்கியதில் சேமிப்பும் போயிற்று. மணவாழ்வு முறிந்தது, மறுமணமும் நிலைக்கவில்லை. ஆனால் நுண்ணறிவுச் சோதனைகளிலோ உயர்ந்த மதிப்பெண்! நினைவிலும் மொழியிலும் கணக்கிலும் குறையில்லை. ஆகவே உதவித்தொகை மறுக்கப்பட்டது; சோம்பேறி என்ற பட்டமே மிஞ்சியது. வீட்டார் எத்தனை முறை கடிந்துகொண்டார்களோ!

குறை வேறிடத்தில் இருந்தது. வீடுகள் தீப்பற்றி எரியும் படங்களைக் கண்டும் எலியட்டின் உள்ளம் அசையவில்லை. முன்பு அசைந்ததுண்டு என்பதை அவரே அறிந்திருந்தார். ஒரு சிக்கலுக்குரிய வழிகளையெல்லாம் வரிசையாகச் சொல்வார். அவற்றுள் எது மேல் என்பது மட்டும் அவருக்குப் புலப்படாது.

கண்குழிக்கு மேலுள்ள அப்பகுதியின் வேலையை 2006இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் குரங்குகளிடம் கண்டனர். விருப்பமான சாறு ஒரு துளியா, மற்றொன்று பல துளிகளா என இரண்டை எதிரெதிரே வைத்தனர். மற்றதன் துளிகள் கூடக்கூட, ஒரு கட்டத்தில் குரங்கு அதற்கு மாறிற்று. அப்போது அங்குள்ள நரம்பணுக்களில் சில, தேர்ந்த சாறு எதுவாயினும், அக்குரங்கு அதற்குத் தந்த மதிப்புக்கேற்பவே கிளர்ச்சியுற்றன. வெவ்வேறு பண்டங்களை நிறுக்கும் ஒரே தராசு அது.

டமாசியோ இத்தகைய மற்றொரு நோயாளியைப் பற்றியும் எழுதியுள்ளார். மறுமுறை வருவதற்கு இரண்டு நாள்களைக் குறிப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அம்மனிதர் நாட்குறிப்பைப் புரட்டியபடி, வேறு அலுவல்கள், வானிலை என்று ஏறத்தாழ அரைமணி நேரம் சாதக பாதகங்களை அடுக்கினார். முடிவில், இரண்டாவது நாளில் வருமாறு மருத்துவரே கூறினார். அவர் உடனே இசைந்து, நாட்குறிப்பை மூடிப் பையிலிட்டுக்கொண்டு புறப்பட்டார்.