சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். ரப்பர் தோட்டங்களில் அன்று இதுவே வழக்கம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு இந்த வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். பிரிட்டிஷ் அரசு இராணுவத்தை இறக்கியது. சிலர் சுடப்பட்டு இறந்தனர். அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் பால்மரம் வெட்டிய என் பாட்டி சொல்வார்: "வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். அப்புறம் யார் வாய் திறப்பது?"

இன்று துரையும் இல்லை, லயமும் இல்லை. ஆனாலும் முதலாளி தயவு காட்டுபவர், நாம் நன்றிக்கடன் பட்டவர் என்ற எண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை. ஈப்போவில் பகுதி நேர வேலை செய்யும் என் நண்பர்கள் பலர் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்.

சட்டமோ வேறு மாதிரி பேசுகிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72 ரிங்கிட் ஆனது.

நான் வேலை செய்யும் உணவகத்தில் ஒப்பந்தம் கேட்டேன். முதலாளியின் முகம் மாறியது. இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. இப்போது எத்தனை மணிக்கு வருவேன் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை மணிக்குப் போகலாம் என்பது எனக்குத் தெரியும். சண்டை எதுவும் இல்லை.

விடுமுறை வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே, சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், ஓய்வு நாள் எது என்று முதல் நாளே கேளுங்கள். எழுதியும் வாங்குங்கள். மரியாதையாகக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.