‘டொக் டொக்’ சத்தம் ஷாக் அப்சார்பரா, புஷ்ஷா? பழைய காருக்கு வீட்டிலேயே ஒரு வைத்தியம்!

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்சக்கரப் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. உடனே, ‘ஷாக் அப்சார்பர் போயிடுச்சு’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால், பழைய கார்களில் பல நேரம் குற்றவாளி, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சஸ்பென்ஷன் புஷ்தான்.

சக்கரத்தை பாடியோடு இணைப்பது லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கை. அதன் மூட்டில் இருக்கும் ரப்பர்தான் புஷ். முழங்கால் மூட்டில் ஜவ்வு தேய்ந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும்!

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983-ல் வந்து, 2014-ல் உற்பத்தி நின்ற கார். இன்று ஓடும் எந்த 800-க்கும் வயது 10-க்கு மேல். இதில் முன்பக்க ஸ்டெபிலைசர் பாருக்கு இரண்டு வேலை. வளைவுகளில் கார் சாயாமல் பார்ப்பதோடு, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். அந்த புஷ் தளர்ந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரமே கொஞ்சம் பின்னால் தள்ளப்படும். ஸ்டீயரிங் இழுப்பதும், டயர் ஒரு பக்கமாகத் தேய்வதும் இதனால்தான். மழையில் அவசர பிரேக் அடிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் செய்யலாமா? செய்யலாம். ஆனால், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ வைக்கவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவதும் ஆபத்து. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். சமதளமான தரை, பின்சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், பாடிக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டு. இவை இல்லையென்றால், வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

முதல் நாள் இரவே நட், போல்ட்களில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். மறுநாள், நீளமான லீவரால் ஆர்மை நெம்பிப் பாருங்கள். ரப்பர் என்பதால் லேசாக அசையத்தான் செய்யும். இரும்போடு இரும்பு இடித்தாலோ, ரப்பர் பிளந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இருந்தால், ஆர்ம் பொருந்தும் இடத்தில் தகடு துருப்பிடித்து மெலிந்திருந்தால், அது வீட்டு வேலை இல்லை.

கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மைக் கழற்றியதும், பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றத்தான் கை துறுதுறுக்கும். வேண்டாம், ஆர்மே வளைந்துவிடலாம். அருகிலுள்ள லேத் பட்டறையில் கொடுத்தால், பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பழசை எடுத்து, புதுசைப் பொருத்திவிடுவார்கள். இந்த ஒரு வேலைக்கு வெளியே காசு கொடுப்பது புத்திசாலித்தனம்தான். ரப்பருக்கு கிரீஸ், என்ஜின் ஆயில் தடவக் கூடாது. அது ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

பலரும் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் உள்குழாயோடு ரப்பர் ஒட்டியே இருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், கார் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ரப்பர் முறுக்கியபடியே இருக்கும். அப்புறம் சில மாதங்களிலேயே புது புஷ்ஷும் கிழியும். ‘டூப்ளிகேட் பார்ட்ஸ் கொடுத்துட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம்!

எனவே, முதலில் லேசாக மட்டும் முறுக்குங்கள். ஸ்டாண்டை எடுக்காமல், லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனையில் ஜாக்கி வைத்து மெள்ள உயர்த்துங்கள். காரின் எடை ஸ்டாண்டிலிருந்து ஜாக்கிக்கு மாறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். பழைய லாக் நட்டுகளுக்கும் ஸ்பிளிட் பின்னுக்கும் பதிலாகப் புதுசு போடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் மெதுவாக ஓட்டிப் போய் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.